தைக்கிறதை விடுங்க, பிரிக்கிறதைப் பேசுவோம்



வீட்டுக்கு 25 கிலோ அரிசி மூட்டை வருது. மூட்டையின் வாயை நூல் போட்டுத் தைத்திருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் ஒருத்தர் இருப்பாங்க, பெரும்பாலும் அம்மா இல்லைன்னா அத்தை. ஓரத்தில் நூலை லேசாக நறுக்கி, ஒரு முனையைப் பிடித்து இழுப்பாங்க. டர்ர்ர்னு மொத்தத் தையலும் ஒரே இழுவையில் உருவிக்கிட்டு வந்துடும். அதே மூட்டையை நம்ம கையில் கொடுத்தால் முதலில் கத்தரிக்கோல், அப்புறம் கத்தி, கடைசியில் பல்லு. சாக்கு கிழிஞ்சு, அரிசி தரையில்.

இதைக் கைராசி என்று நினைக்கிறவங்க நிறைய பேர். கைராசி எல்லாம் இல்லை, அந்தத் தையலின் டிசைனே அப்படி. எந்த முனையில் இழுத்தால் வரும், எந்த முனையில் இழுத்தால் வராது என்பது அந்த நூல் ஓடுகிற பாதையிலேயே எழுதியிருக்கு.

தையல் மெஷினின் வரலாறு என்று தேடினால், யார் முதலில் கண்டுபிடித்தார், யார் யார் மேல் கேஸ் போட்டார் என்கிற கதைதான் வரும். நான் இன்னிக்கு அதே கதையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கப்போறேன். தைத்ததைத் திரும்பப் பிரிக்க முடியுமா? எவ்வளவு சுலபமா? யாருக்கு அது தேவைப்பட்டது? இந்தக் கேள்விகளை வைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் வேற மாதிரி தெரியுது.

மெஷின் வருவதற்கு முன்னாடி இருந்து ஆரம்பிப்போம். 18ஆம் நூற்றாண்டு லண்டன். வசதியான வீட்டுப் பெண்கள் உடுத்திய பட்டு கவுன்களை இன்னிக்கு மியூசியத்தில் பார்க்கலாம். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்கிற பகுதியில் நெய்த பூப்போட்ட பட்டு. இதில் ஆச்சரியம் என்னன்னா, துணி அவ்வளவு பிரமாதமாக இருக்கும். உள்ளே திருப்பிப் பார்த்தால் தையல் நீளநீளமாக, ஏதோ அவசரத்தில் ஓட்டின மாதிரி இருக்கும். இந்த விலைக்கு இப்படியா தைப்பாங்க என்று தோணும்.

காரணம் கணக்குதான். அன்னிக்குத் துணிதான் சொத்து, கூலி ரொம்ப மலிவு. கவுனின் விலையில் பெரும்பங்கு பட்டுக்குப் போனது. தைத்தவருக்குக் கிடைத்தது சொற்பம். அதனால் துணியை முடிந்தவரை வெட்டாமல், மடிப்பு மடிப்பாக வைத்துத் தைத்தார்கள். நாலு வருஷம் கழித்து ஃபேஷன் மாறும்போது தையலை உருவினால், கிட்டத்தட்ட முழுத் துணியும் கைக்குத் திரும்பக் கிடைத்துவிடும். அதை வைத்துப் புது மோஸ்தரில் இன்னொன்று தைக்கலாம். நீளத் தையல் போட்டதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. இது ஒருநாள் பிரிக்கப்படும் என்று தெரிந்தே போட்ட தையல் அது. நம்ம பாஷையில் சொன்னால், ரோல்பேக் பிளானோடு செய்த டிப்ளாய்மென்ட்.

1740களில் நெய்த பட்டு, 1770களின் மோஸ்தரில் தைத்த கவுனாக இன்னிக்கு மியூசியத்தில் இருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? ஊசி போன ஓட்டைகளை வைத்து. தையல் உருவப்பட்ட இடத்தில், இப்போதைய தையலுக்குச் சம்பந்தமே இல்லாமல் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். பழைய மடிப்பின் கோடு மங்கலாகத் தெரியும். அந்தப் புள்ளிகளைத் தொடர்ந்து போனால் முதல் கவுன் என்ன வடிவத்தில் இருந்தது என்பதைத் திரும்ப வரைந்துவிடலாம். துணியே தன்னோட வெர்ஷன் ஹிஸ்டரியை வைத்துக்கொண்டிருக்கு.

லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் பார்பரா ஜான்சன் என்கிற பெண்ணின் ஆல்பம் ஒன்று இருக்கு. 1746இல் தொடங்கி 1823 வரைக்கும், தான் எடுத்த ஒவ்வொரு துணியிலும் ஒரு துண்டு நறுக்கி ஒட்டி, என்ன விலை, எத்தனை கெஜம், என்ன தைத்தது என்று எழுதி வைத்திருக்கிறார். 77 வருஷம்! துணிக்கு அன்னிக்கு என்ன மரியாதை இருந்தது என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு ஆல்பம் போதும்.

இந்தப் பிரிக்கிற கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனது ஜப்பான். எனக்கு இந்த எபிசோடுக்குப் படித்ததிலேயே ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

கிமோனோவைப் பார்த்தால் சிக்கலான உடை மாதிரி தெரியும். ஆனால் பிரித்துப் போட்டால் எட்டு நீளச் செவ்வகங்கள், அவ்வளவுதான். சுமார் 36 சென்டிமீட்டர் அகலம், 12 மீட்டர் நீளமுள்ள ஒரே துணிச் சுருளிலிருந்து நேர்கோட்டில் வெட்டியவை. உடம்புக்கு இரண்டு, கைக்கு இரண்டு, முன்பக்கம் சேர்க்கிற பட்டை இரண்டு, கழுத்துக்கு இரண்டு. அக்குளுக்கு வளைத்து வெட்டுவது, இடுப்புக்குக் குறைத்து வெட்டுவது எதுவும் கிடையாது. கூடுதல் துணி வந்தால் வெட்டி எறியாமல் தையலுக்குள்ளேயே மடித்து வைத்துவிடுவார்கள்.

இப்போ இதைத் துவைக்கணும். பட்டு. எப்படித் துவைப்பது? தையலைப் பூராவும் பிரித்துவிடுவார்கள்! நிஜமாவே. பிரித்த துண்டுகளைத் திரும்பவும் வரிசையாக, முனைக்கு முனை ஓட்டுத்தையல் போட்டு இணைத்தால் பழையபடி ஒரே நீளத் துணி ஆகிவிடும். அதை அலசி, கடற்பாசியிலிருந்து எடுத்த கஞ்சியைத் தடவி, இரண்டு முனையிலும் ஊசி வைத்த மெல்லிய மூங்கில் குச்சிகளை வில் மாதிரி வளைத்துக் குறுக்கே பொருத்தி, துணியை விறைப்பாக இழுத்துக் காயவைப்பார்கள். நம்ம ஊரில் நெசவுக்காரங்க தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுவதைப் பார்த்தவங்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. இந்த முறைக்கு ‘அராய்ஹாரி’ என்று பெயர். ‘அராய்’ என்றால் அலசுவது, ‘ஹாரி’ என்றால் இழுத்து விரிப்பது.

காய்ந்ததும் திரும்பத் தைப்பாங்க. ஆனால் பழைய மாதிரியே தைக்கணும்னு கட்டாயம் இல்லை. வெளிப்பக்கம் வெளுத்திருந்தால் உள்பக்கத்தை வெளியே கொண்டுவரலாம். தேய்ந்த துண்டை மறைவான இடத்துக்கு மாற்றலாம். வேற கலர் சாயம் ஏற்றலாம். அம்மாவின் கிமோனோவை மகள் அளவுக்குத் தைக்கலாம். குழந்தைகளின் கிமோனோவில் தோள்பட்டையில் ஒரு பெரிய மடிப்பு வைத்துத் தைத்திருப்பார்கள். பிள்ளை வளர வளர அதை அவிழ்த்து விடுவது. இதெல்லாம் சாத்தியப்படுவதற்கு ஒரே காரணம், தையல் கையால் போட்ட சாதாரண ஓட்டுத்தையல். நேர்கோட்டில் போகிற ஒற்றை நூல். முடிச்சை நறுக்கி இழுத்தால் வந்துவிடும், துணிக்குச் சேதம் இருக்காது.

கவனிங்க, இங்கே ‘பலவீனமான தையல்’தான் சரியான தையல். நூல் துணியைவிட உறுதியாக இருந்தால், எங்கேயாவது மாட்டி இழுபடும்போது துணி கிழியும். நூல் பலவீனமாக இருந்தால் நூல் அறும், துணி பிழைக்கும். தையல்காரங்க இன்னிக்கும் சொல்கிற விஷயம் இது. வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் செய்கிற வேலையை அந்த நூல் செய்யுது.

சரி, மெஷினுக்கு வருவோம். பிரான்ஸ். பார்த்தெலெமி திமோனியே என்று ஒரு தையல்காரர். 1830இல் ஒரு மெஷினுக்குக் காப்புரிமை வாங்குகிறார். பெரும்பாலும் மரத்தால் ஆனது. அது போட்டது சங்கிலித் தையல். அதாவது நம்ம அரிசி மூட்டைத் தையல்.

சங்கிலித் தையல் எப்படி வேலை செய்யுது? ஒரே நூல்தான். நூல் துணி வழியாகப் போய் ஒரு வளையம் ஆகுது. அடுத்த தடவை போகும்போது அந்த வளையத்துக்குள்ளே புது வளையம் நுழையுது. அதற்குள் இன்னொன்று. இப்படியே. ஒவ்வொரு வளையத்தையும் பிடித்து வைத்திருப்பது அதற்கு அடுத்த வளையம் மட்டும்தான். இன்ஜினியரிங் படித்த மக்களுக்கு மண்டையில் மணி அடித்திருக்கும்: லிங்க்டு லிஸ்ட்! கடைசி வளையத்தைப் பிடித்து வைக்க யாருமில்லை. அதை இழுத்தால் அதற்கு முந்தினது விடுபடும், அப்புறம் அதற்கு முந்தினது. தையல் முடிந்த முனையிலிருந்து இழுத்தால் மொத்தமும் காலி. தொடங்கிய முனையிலிருந்து இழுத்தால் ஒன்றும் நடக்காது. அத்தை கண்டுபிடித்து வைத்திருக்கிறது இதைத்தான்.

திமோனியே பாரிஸில் இந்த மெஷின்களை வைத்து ராணுவச் சீருடை தைக்கிற பட்டறை போட்டார். சுமார் 80 மெஷின்கள் என்று சொல்லப்படுது. 1831 ஜனவரியில் தையல்காரர்கள் கூட்டமாகப் புகுந்து மெஷின்களை அடித்து நொறுக்கினார்கள். அவர் மேலே சொல்லப்போனால் தப்பில்லை, இவங்க மேலே சொல்லவும் எனக்கு மனசு வரலை. கையால் தைத்துக் கஞ்சி குடிக்கிற ஒருத்தருக்கு, 80 மெஷின் ஓடுகிற சத்தம் என்னவாகக் கேட்டிருக்கும்? ஏஐ பற்றி நம்ம ஆபீஸ் கேன்டீனில் தினமும் ஓடுகிற பேச்சு இதேதான், மெஷின்தான் வேற. திமோனியே 1857இல் வறுமையில் இறந்தார்.

அமெரிக்காவில் வேற ஒரு தையல் பிறந்துகொண்டிருந்தது. நியூயார்க்கில் வால்டர் ஹண்ட் என்பவர் 1830களின் நடுவில் இரண்டு நூல் வைத்துத் தைக்கிற மெஷின் ஒன்றைச் செய்தார். காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார். இவர்தான் பிறகு, 1849இல், சேஃப்டி பின்னைக் கண்டுபிடித்து அதன் உரிமையை 400 டாலருக்கு விற்றவர். இப்படி ஒரு மனுஷன்! 1846இல் எலியாஸ் ஹோவ் அதே வகைத் தையலுக்கு, ஊசி முனையிலேயே கண் வைத்து, காப்புரிமை வாங்கினார். அதன் பெயர் லாக்ஸ்டிட்ச். உங்க வீட்டு மெஷின், தெருமுனை டெய்லர் மெஷின் எல்லாம் போடுவது இதுதான். மேலே ஊசி நூல், கீழே பாபின் நூல். இரண்டும் துணியின் தடிமனுக்கு நடுவில் ஒன்றையொன்று சுற்றிப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு இடத்தில் அறுந்தாலும் பக்கத்துத் தையல்கள் பிடித்துக்கொண்டு நிற்கும். எந்த முனையை இழுத்தாலும் துணி சுருங்கும், நூல் வராது. ஒரு சின்ன முனை மாட்டியதால் ஜாக்கெட்டே கழன்று விழுகிற பயம் இல்லை.

1850களில் இரண்டு தையல்களுக்கும் சந்தையில் சண்டை. இதில் என் ஃபேவரைட் ஆள் ஜேம்ஸ் கிப்ஸ், வர்ஜீனியாவில் ஒரு விவசாயி. 1855இல் ஒரு பத்திரிகையில் தையல் மெஷினின் படத்தைப் பார்க்கிறார். படத்தில் மேல்பாகம் மட்டும்தான் தெரியுது. துணிக்குக் கீழே என்ன நடக்குது என்பது தெரியலை. சரி, கீழே நூலை எப்படிப் பிடிப்பாங்க என்று சும்மா யோசித்து, சுழல்கிற கொக்கி ஒன்றை அவரே கற்பனையில் வடிவமைக்கிறார். டாக்குமென்டேஷன் இல்லாமல் ரிவர்ஸ் இன்ஜினியரிங். ஆனால் அவர் ஊகித்த கொக்கி நிஜ மெஷினில் இருந்தது இல்லை, முற்றிலும் புதுசு! 1857இல் காப்புரிமை கிடைத்தது. வில்காக்ஸ் அண்ட் கிப்ஸ் என்கிற பெயரில் விற்பனைக்கு வந்த அந்த மெஷின் போட்டது ஒற்றை நூல் சங்கிலித் தையல், ஒவ்வொரு வளையத்தையும் ஒரு முறுக்கு முறுக்கி.

லாக்ஸ்டிட்ச் கம்பெனிக்காரர்கள், “சங்கிலித் தையல் உருவிக்கொண்டு வந்துவிடும், வாங்காதீங்க” என்று பிரசாரம் செய்தார்கள். சங்கிலிக்காரர்களின் பதில் இன்னும் சுவாரசியம்: “ஆமா, நீங்க வேணும்னு நினைச்சா சுலபமாகப் பிரிக்கலாம், அது எங்க மெஷினின் வசதி.” பக்-கை ஃபீச்சர் என்று விற்பது நம்ம தொழிலில் தொடங்கினது இல்லை என்று தெரிந்து எனக்கு ஒரு நிம்மதி. ஆனால் அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. துணி இன்னும் விலை உயர்ந்ததாக இருந்த காலம். வருஷா வருஷம் பிரித்து மாற்றித் தைக்கிற வீடுகளில், பிரிக்க முடிகிறது என்பது ஒரு நிஜமான வசதிதான்.

கடைசியில் வீட்டு மெஷின்களில் லாக்ஸ்டிட்ச் ஜெயித்தது. 1856இல் சிங்கர், ஹோவ் உள்ளிட்டோர் சேர்ந்து காப்புரிமைகளை ஒரே கூடையில் போட்டுக்கொண்டது, சிங்கர் தவணை முறையில் விற்றது, இதெல்லாம் பெரிய கதை. அதுக்குத் தனி எபிசோடே போடலாம். நமக்கு வேண்டியது அதன் பின்விளைவு. பிரிக்கவே முடியாத தையல் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அப்போ பிரிக்கிறதுக்கு ஒரு கருவி வேணும் இல்லையா?

சீம் ரிப்பர். புது வீட்டு மெஷின் வாங்கினால் பாபின், ஊசிகளோடு டப்பாவுக்குள் கிடக்குமே, பேனா சைஸில், முனையில் கவட்டை மாதிரி, அதுதான். கவட்டையின் ஒரு கொம்பு நீளமாக, கூராக இருக்கும். இன்னொன்று குட்டையாக, நுனியில் ஒரு சிவப்பு உருண்டையோடு. வெட்டுகிற பிளேடு இரண்டுக்கும் நடுவில், அந்த வளைவில் ஒளிந்திருக்கு. நிறைய பேர் கூர்முனைதான் வெட்டும் என்று நினைத்துக் குத்திக்கொண்டே இருப்பாங்க. கூர்முனை ஒற்றைத் தையலுக்கு அடியில் நுழைந்து தூக்குவதற்கு. வளைவு வரைக்கும் தள்ளினால்தான் நூல் அறும். உருண்டை எதற்கு? இரண்டு துணிக்கு நடுவில் சர்ருனு ஓட்டும்போது உருண்டைப் பக்கம் துணியில் படுகிற மாதிரி வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும், துணியில் குத்தாது.

ஆனால் அப்படி சர்ருனு ஓட்டுவது அவசரக்காரர் வழி. நிதானமான வழி இது: ஒரு பக்கத்தில் நாலு தையலுக்கு ஒன்று, ஐந்து தையலுக்கு ஒன்று என்று இடைவெளி விட்டு நறுக்கிக்கொண்டே போங்க. பிறகு துணியைத் திருப்பி மறுபக்க நூலை இழுங்க. மேல்நூல் துண்டு துண்டாகி விட்டதால் அதைப் பிடித்து வைக்க ஆளில்லை. அடிநூல் முழுசாக ஒரே இழையாக வரும். அதாவது லாக்ஸ்டிட்ச்சை நாமே கொஞ்ச நேரம் சங்கிலித் தையல் மாதிரி நடந்துக்க வைக்கிறோம். மிச்சம் ஒட்டியிருக்கிற நூல் துணுக்குகளுக்கு செலோடேப் போதும். அப்புறம் ஆவி விட்டு இஸ்திரி போட்டால் காட்டனில் ஓட்டைகள் மூடிக்கொள்ளும். சாட்டினிலும் தோலிலும் ரெயின்கோட் துணியிலும் மூடாது. அங்கே ஒரே சான்ஸ்தான்.

நம்ம டெய்லர் அண்ணன்கள் பெரும்பாலும் இதெல்லாம் வைத்துக்கொள்வதில்லை. பாதியாக உடைத்த ஷேவிங் பிளேடு. இடது கையால் இரண்டு துணியையும் விரித்துப் பிடித்து, நடுவில் பளிச்சிடுகிற நூலில் பிளேடைத் தொட்டும் தொடாமலும் ஓட்டுவார்கள். வேகம் பயங்கரம். நீங்க வீட்டில் முயற்சி செய்யவேண்டாம்.

அமெரிக்காவில் குவில்ட் தைப்பவர்களும் ஸ்வெட்டர் பின்னுபவர்களும் பிரிக்கிறதுக்கு ‘தவளை வேலை’ என்று பெயர் வைத்திருக்காங்க. ஆங்கிலத்தில் ‘உருவு, உருவு’ என்பதை ‘ரிப் இட், ரிப் இட்’ என்று வேகமாகச் சொன்னால், அந்த ஊர்த் தவளை ‘ரிபிட்’ என்று கத்துவது மாதிரி இருக்குமாம். நம்ம ஊர்த் தவளை கர்ர் கர்ர் என்பதால் நமக்கு இந்த ஜோக் வேலைக்கு ஆகாது.

பிரிக்கிற வேலையை ஒரு அரசாங்கமே ஊக்குவித்த காலமும் இருந்தது. இரண்டாம் உலகப் போர், பிரிட்டன். 1941 ஜூன் 1 முதல் துணிக்கு ரேஷன். ஒருத்தருக்கு முதல் வருஷத்துக்கு 66 கூப்பன். ஒரு கம்பளி உடைக்கே 11 கூப்பன் போய்விடும். போகப் போகக் கூப்பன் எண்ணிக்கை குறைந்தது. 1943இல் வர்த்தகத் துறை ‘இருப்பதை வைத்துச் சமாளி, கிழிந்ததைத் தை’ என்கிற பொருளில் ‘மேக் டூ அண்ட் மென்ட்’ என்றொரு கையேடு வெளியிட்டது. பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, கம்பளி நூலைச் சுற்றி, அலசி, புதுசாகப் பின்னுவது எப்படி, பெரியவங்க உடையைக் குழந்தைக்கு மாற்றுவது எப்படி என்றெல்லாம் வழிகாட்டுதல். பாராசூட் பட்டைப் பிரித்துக் கல்யாண கவுன் தைத்தவர்களும் உண்டு. ரேஷன் 1949 மார்ச் வரை நீடித்தது. போர் முடிந்து கிட்டத்தட்ட நாலு வருஷத்துக்கு அப்புறம்தான் முழுசாக நின்றது. இந்த உபதேசத்தை எல்லாரும் ரசித்திருப்பாங்க என்று எனக்குத் தோணலை. நாள் பூரா பாக்டரியில் வேலை பார்த்துவிட்டு வந்து ராத்திரி விளக்கில் தையல் பிரிக்கிறது பெண்கள்தானே.

தோற்றுப்போன சங்கிலித் தையல் என்ன ஆச்சு? அது எங்கேயும் போகலை. நீங்க போட்டிருக்கிற டி-ஷர்ட்டின் கீழ் மடிப்பைத் திருப்பிப் பாருங்க. மேலே இரண்டு நேர்கோடு, உள்ளே வலை மாதிரிப் பின்னல். அது சங்கிலிக் குடும்பம்தான். பனியன் துணி இழுபடும். லாக்ஸ்டிட்ச் போட்டால் இழுக்கும்போது நூல் பட்டுனு அறுந்துவிடும். வளையங்களால் ஆன சங்கிலி துணியோடு சேர்ந்து நீளும். கூடவே, அடிக்கடி பாபின் மாற்றுகிற தொல்லை இல்லை; பெரிய கோனிலிருந்து நூல் ஓடிக்கொண்டே இருக்கும். திருப்பூரில் சிங்கர் டெய்லர், ஓவர்லாக் டெய்லர், பிளாட்லாக் டெய்லர் என்று ஆட்களையே மெஷின் பெயரால் பிரித்துச் சொல்கிறார்கள் இல்லையா, அதில் ஓவர்லாக்கும் பிளாட்லாக்கும் வளையம் பின்னுகிற ஜாதி. சட்டையிலிருந்து ஒரு நூல் நீட்டிக்கொண்டிருக்கு என்று இழுத்து, மொத்த மடிப்பும் தொங்கின அனுபவம் பலருக்கு இருக்கும். அடுத்த தடவை இழுக்காதீங்க, நறுக்குங்க. முடிந்தால் நுனியில் ஒரு முடிச்சு.

விலை உயர்ந்த ஜீன்ஸ் பிரியர்களுக்கும் ஒரு செய்தி. ஜீன்ஸின் கீழ் மடிப்பில் கயிறு முறுக்கின மாதிரி வெளுத்த கோடுகள் விழணும் என்பதற்காக, யூனியன் ஸ்பெஷல் கம்பெனியின் பழைய சங்கிலித் தையல் மெஷினைத் தேடிப் போய் மடிப்புத் தைக்கிறாங்க. அந்தக் கம்பெனி 1881இல் சிகாகோவில் தொடங்கப்பட்டது எதற்குத் தெரியுமா? சாக்கு மூட்டை தைக்கிற மெஷின் செய்ய.

இங்கேதான் எனக்கு உறுத்துகிற விஷயம் வருது. ஓவர்லாக் மெஷின் தைக்கும்போதே ஓரத்தைக் கத்தியால் சீவித் தள்ளிவிடும். தையலுக்கு வெளியே மிஞ்சும் துணி ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே. பிரித்தாலும் பெரிசாக்க அங்கே துணியே கிடையாது. வளைய நூல்களை ஓரமாக ரிப்பரால் சீவிவிட்டு ஊசி நூலை இழுத்தால் ஓவர்லாக் அழகாகப் பிரியும். ஆனால் பிரித்து என்ன பண்ண?

அதே ஊரில், தெருமுனை டெய்லர் அக்கா தைக்கிற பிளவுஸைத் திருப்பிப் பாருங்க. பக்கவாட்டில் ஒன்றுக்கு மூன்று தையல் ஓடும், உள்ளே இரண்டு விரல்கடைத் துணி மடிந்து கிடக்கும். “உள்ள துணி விட்டு தைங்கக்கா” என்று சொல்லாத வாடிக்கையாளரே இல்லை. உடம்பு போட்டால் ஒரு தையலைப் பிரிப்பது, இளைத்தால் பிடித்துத் தைப்பது. அம்மாவின் பிளவுஸ் மகளுக்கு, மகள் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றபின் அவளுக்கே. லண்டன் கவுனும் கியோட்டோ கிமோனோவும் செய்த அதே கணக்கு. துணிக்கடை ரெடிமேடில் அது போய்விட்டது, ஏன்னா கணக்கு தலைகீழாகிவிட்டது. துணி மலிவு, பிரிக்க உட்காருகிற நேரம்தான் செலவு. சட்டையின் பக்கம் பிரித்துத் தைக்க டெய்லர் கேட்கிற காசுக்கு, ஆஃபரில் புதுச் சட்டையே வருது. டெய்லர் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை, அவர் கேட்கிறது அரைமணி நேர உழைப்புக்குக் கூலி. பாக்டரியிலும் இதே நிலைமைதான். செக்கிங்கில் திரும்பி வந்த பீஸைப் பிரித்துத் தைக்கிற நேரத்தில் புது பீஸ் எத்தனை ஓட்டியிருக்கலாம் என்று பீஸ் ரேட்டில் தைப்பவர் மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்படி மலிவாகப் போன துணி எல்லாம் எங்கே போய்ச் சேருது? ஒரு பகுதி ஹரியானாவில் பானிபட்டுக்கு வருது. மேற்கு நாடுகள் கழித்துக்கட்டிய கோட்டு, ஸ்வெட்டர் எல்லாம் பேல் பேலாக. அங்கே பெண்கள் தரையில் உட்கார்ந்து, அரிவாள்மணை மாதிரி நிமிர்ந்து நிற்கிற பிளேடில் துணியை இழுத்து அறுப்பாங்க. பட்டன் தனி, ஜிப் தனி, லேபிள் தனி. கலர் கலராகப் பிரித்து, பஞ்சாகக் கிழித்து, மறுபடி நூலாக்கிப் போர்வை நெய்வார்கள். மேக்னா குப்தா 2012இல் எடுத்த ‘அன்ராவல்’ என்கிற ஆவணப்படத்தில் இந்தப் பெண்கள் பேசுவதைக் கேட்கலாம். இவ்வளவு புது உடைகளை அந்த ஊர்க்காரங்க ஏன் தூக்கிப் போடுறாங்க, அங்கே தண்ணி அவ்வளவு விலையா, துவைக்க முடியலையா என்று அவங்களே காரணம் யோசிப்பாங்க. சின்னப் படம்தான், தேடிப் பாருங்க.

அங்கே யாரும் தையலைப் பிரிப்பதில்லை. நேரமில்லை. தையலை ஒட்டியே அறுத்துவிடுவார்கள், தையல் இருந்த பட்டை கழிவு. பெல்ஜியத்தில் ரெசார்டெக்ஸ் என்கிற நிறுவனம் இதற்கென்றே ஒரு நூல் செய்திருக்கு. சாதாரணமாகத் துவைக்கலாம், இஸ்திரி போடலாம்; ஆனால் அதற்கென்று உள்ள பெரிய அடுப்பில் குறிப்பிட்ட சூட்டுக்குக் கொண்டுபோனால் நூல் உருகி, உடை துண்டு துண்டாகத் தானே கழன்றுவிடும். நறுக்குவது, இழுப்பது எதுவும் வேண்டாம். இதில் சிக்கல், தைக்கும்போதே அந்த நூலைப் போட்டுத் தைத்திருக்கணும். இன்னிக்கு உங்க பீரோவில் தொங்குகிற எதிலும் அது இருக்க வாய்ப்பில்லை. அதுக்கெல்லாம் பாதி பிளேடும் செலோடேப்பும்தான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.